கழலாத வளையம்

"கேசட் சிக்கிக்கொண்டுவிட்டது" என்று நம் மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் வந்து முறையிட்டபோது, அடுக்களையிலிருந்த இல்லத்தரசியார், "பென்சிலை விட்டுச் சுற்று, சரியாகிவிடும்" என்று மறுமொழி அளித்தார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. நம் தலைமுறையினருக்குக் கேசட் என்றால் பாட்டு கேசட்தான். நாடா சிக்கினால் பென்சில். பென்சிலும் தோற்றால் கத்தரிக்கோல். பதினைந்து வயது மகனோ அப்படியொரு பொருளைக் கண்ணால் கண்டதில்லை. அவன் சொன்னது, அவனுடைய கியர் சைக்கிளின் பின்சக்கரத்தில் அடுக்கடுக்காக அமைந்திருக்கும் பற்சக்கரத் தொகுதியை. அதற்கும் கேசட் என்றே பெயராம். ஒரே வீட்டில், ஒரே சொல்லுக்கு, இரண்டு பொருள். மொழி இப்படித்தான் வீட்டுக்குள்ளேயே பிரிந்துபோகிறது.

சங்கத்தின் மலருக்கு இலக்கியக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று அன்பர்கள் பணித்தபோது, நமக்கு முதலில் கூச்சமே மிகுந்தது. நாம் பி.ஏ. தமிழ் இலக்கியம் பயின்றவர் என்பது உண்மையே. ஆயினும் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கோப்புகளுக்கிடையே இருபதாண்டுகளைக் கழித்த ஓர் எழுத்தரிடம் இலக்கியம் எவ்வளவு எஞ்சியிருக்கும்? ஆகவே படித்ததை விடுத்து, சென்ற ஆண்டு நம் வீட்டில் நடந்ததையே எழுதத் துணிந்தோம். இது ஒரு சைக்கிளின் கதை. அவ்வளவுதான் என்று எண்ணியே நாமும் தொடங்குகிறோம்.

புணே நகரத்தைச் சைக்கிள்களின் நகரம் என்று அழைத்த காலம் ஒன்று உண்டு. நாம் மாற்றலாகி இங்கு வந்த 2009-ஆம் ஆண்டிலேயே அந்தப் புகழை இருசக்கர மோட்டார் வண்டிகள் விழுங்கிவிட்டிருந்தன. நம் மகனின் சைக்கிள், வேற்றூருக்கு மாற்றலாகிச் சென்ற அலுவலக நண்பர் ஒருவரிடம் பழைய விலைக்கு வாங்கியது. ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் புணே மழையில், குடியிருப்பின் படிக்கட்டுக்கு வெளியே நனைந்தபடியே அது இரண்டு மழைக்காலங்களைக் கண்டுவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய நாள், பின்சக்கரத்தில் ஸ்போக்ஸ் கம்பி ஒன்று முறிந்தது.

கம்பி ஒன்றை மாற்றுவது பெரிய காரியமா என்று கேட்கலாம். முறிந்த கம்பி பற்சக்கரங்கள் இருக்கும் பக்கத்தைச் சேர்ந்தது. பின்சக்கரத்தில் அந்தப் பக்கத்துக் கம்பிகள்தாம் மற்றப் பக்கத்தவற்றைவிட நிமிர்ந்தும் மிகுந்த விறைப்போடும் நிற்கின்றன. எனவே முறிவதும் பெரும்பாலும் அவையே. அந்தக் கம்பியின் தலை ஹப்பின் விளிம்பில், பெரிய பற்சக்கரத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. பற்சக்கரத் தொகுதியைக் கழற்றாமல் புதுக் கம்பியைக் கோக்க வழியில்லை. தொகுதியைக் கழற்ற, அதை வெளிப்புறத்திலிருந்து இறுக்கிப் பிடித்திருக்கும் வளையத்தைத் திருகி எடுக்க வேண்டும். அந்த வளையமோ கழல மறுத்தது.

மகன் இணையவழியில் வரவழைத்த கருவி ஒன்று வீட்டில் இருந்தது. சிறிய குழாய் போன்றது. வெளிப்புறம் முழுவதும் வரிவரியான பற்கள். வளையத்துக்குள் அது கச்சிதமாகப் பொருந்தியது. நாம் ஸ்க்ரூ ஸ்பானரைப் பூட்டி இடப்புறமாகத் திருப்பினோம். தொகுதி முழுவதும் கடகடவென்று ஒலித்துக்கொண்டு கூடவே சுற்றியது. மகன் பற்சக்கரங்களைத் துணியால் பற்றிக்கொள்ள, நாம் மறுபடி திருப்பினோம். அவன் விரல் பல்லில் கிழிந்தது. நம் ஸ்பானர் நழுவி, புறங்கைத் தோல் உரிந்தது. அருகிலிருந்த கடை ஒன்றில் விசாரித்தோம். பின்சக்கரத்தையே மாற்றிவிடலாம் என்று விலை கூறினார்கள். மாதக் கடைசியில் கேட்கத் தகாத விலை அது.

"விட்டுவிடு, அடுத்த மாதம் பார்க்கலாம்" என்றோம் மகனிடம். அவன் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அந்த நாட்களில் நமக்கும் அவனுக்கும் இடையே பேச்சே குறைந்துபோயிருந்தது. இருந்த சிறிதும் பாதி இந்தி, பாதி ஆங்கிலம்.

இவ்வளவும் நடந்துகொண்டிருந்தபோது, பால்கனியில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒருவர் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நம் தந்தையார்.

இங்கே சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டியிருக்கிறது. மாயவரத்தில், மணிக்கூண்டுக்குச் சற்றுத் தள்ளி, நம் தந்தையார் 1972-ஆம் ஆண்டிலிருந்து சைக்கிள் கடை வைத்திருந்தார். வாடகைக்குப் பன்னிரண்டு வண்டிகள். பஞ்சர், பெண்டு, ஓவராயில் எல்லாம் செய்யப்படும். நாம் குரங்குப் பெடல் பழகியது அந்த வாடகை வண்டியில்தான். நம் பள்ளிக் கட்டணமும், பின்னர்க் கல்லூரிக் கட்டணமும், கிரீஸ் படிந்த அந்த விரல்கள் எண்ணிக் கொடுத்த நோட்டுகளே. நோட்டுகளின் ஓரத்திலும் கறுப்பு ரேகை இருக்கும். அதைக் கட்டணம் வாங்குபவரிடம் நீட்டும்போது நாம் மடித்து நீட்டுவோம்.

இதை எழுதக் கை கூசுகிறது. எனினும் எழுதாவிட்டால் இக்கட்டுரைக்குப் பொருளில்லை. கல்லூரி இரண்டாமாண்டில் ஒரு நாள், நாம் மறந்துவிட்டுச் சென்ற தேர்வுக் கட்டணத்தைக் கொடுக்கத் தந்தையார் கடையிலிருந்து அப்படியே சைக்கிளில் கல்லூரி வாயிலுக்கு வந்தார். அழுக்கு பனியன், கிரீஸ் கை. பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டியைத் திருப்பினார். உடனிருந்த நண்பன், "யாரடா அவர்?" என்று கேட்டான். "தெரிந்த கடைக்காரர்" என்றோம். தந்தையார் அப்போது பத்தடி தொலைவில் பெடலில் கால் வைத்துக்கொண்டிருந்தார். அவர் காதில் அது விழுந்ததா என்பது இன்றளவும் நமக்குத் தெரியாது. அன்றிரவு அவர் வழக்கம்போல் சாப்பிட்டார், வழக்கம்போல் உறங்கினார்.

கடையை அவர் 2019-இல் மூடினார். 2022-இல் அம்மா மறைந்தபின் அவரை நம்மோடு அழைத்து வந்தோம். மாயவரத்தில் தெருவுக்கு நாலு பேர் கூப்பிட்டுப் பேசிய மனிதர், இங்கே இரண்டாம் மாடிப் பால்கனியில் வாய் மூடியிருந்தார். கீழே இறங்கினால் பேச மொழி இல்லை. பேரனிடம் பேசப் பொருள் இல்லை. "சாப்பிட்டியா?" என்று இவர் கேட்பார், "ம்" என்று அவன் சொல்வான். இரண்டு ஆண்டுகள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "என்னை ஊருக்கு அனுப்பிச்சுடுப்பா. அங்கேயே கிடக்கிறேன்" என்று அவர் கேட்டுக்கொண்டபோது, தங்கை வீட்டுக்குப் பொங்கலுக்கு முன்னதாகச் சென்றுசேர டிக்கெட் எடுத்து வைத்திருந்தோம். திரும்பி வரும் பயணத்துக்கு எடுக்கவில்லை. அவர் கேட்கவுமில்லை.

அப்படிப்பட்டவர் அன்று மாலை நாற்காலியை விட்டு எழுந்து, சக்கரத்தின் அருகே வந்து குந்தினார். "அந்த டூலைப் போட்டு ஒரு தடவை திருப்பு" என்றார். திருப்பினோம். கடகடவென்று சுற்றியது. கண்ணை மூடிக்கொண்டு அந்த ஒலியைக் கேட்டார். மறுபடி திருப்பச் சொன்னார். பிறகு, "இது நம்ம ஃபிரீவீல் இல்லப்பா, இது வேற" என்றார்.

அவர் அறிந்த ஃபிரீவீல் ஹப்பின் மீது மரை வழியாகத் திருகி ஏற்றப்படுவது. பெடலை மிதிக்க மிதிக்க அது மேலும் மேலும் இறுகும். கழற்றும் கருவியை அதன் உடலிலேயே நேராகப் பொருத்தி இடப்புறம் திருப்பினால், எவ்வளவு இறுகியிருந்தாலும் மரை வழியே அது வந்தாக வேண்டும். வேறெதையும் பிடித்துக்கொள்ளத் தேவையில்லை. கேசட்டின் அமைப்பு வேறு. அதில் பின்னோக்கிச் சுழலும் பொறி ஹப்போடு நிலையாக இணைந்திருக்கிறது; பற்சக்கரங்கள் அதன் உடலிலுள்ள வரிகளில் செருகப்பட்டு, முகப்பில் ஒரு வளையத்தால் பூட்டப்படுகின்றன. வளையத்தை இடப்புறம் திருப்பினால், சைக்கிளில் மிதிக்காமல் உருளும்போது நடப்பது போலவே எல்லாம் சேர்ந்து சும்மா சுற்றும். ஜப்பானிய ஷிமானோ நிறுவனம் இவ்வகை ஹப்பை 1978-இல் சந்தைக்குக் கொணர்ந்தபின் இது உலகெங்கும் பரவியது. பழைய முறையில் பற்சக்கரங்கள் கூடக் கூட, அச்சைத் தாங்கும் குண்டுகள் உட்பக்கமாக ஒதுங்கிப்போய் அச்சு வளைந்துவிடும். புதிய முறையில் அவை வெளிப்பக்கம் வந்து அச்சைத் தாங்கின. இவற்றையெல்லாம் மகன் பின்னர் நமக்கு விளக்கினான். தந்தையாரோ ஓர் ஒலியைக் கேட்டே பாதியை ஊகித்துவிட்டார்.

"பல்லைப் பிடிச்சுக்க ஒண்ணு வேணும். கையாலே ஆகாது" என்றார். கதவு திறந்தது. மகன் செல்பேசியில் ஒரு படத்தைக் காட்டினான். இரும்புக் கைப்பிடி, அதன் நுனியில் செயின் துண்டு. அதை ஆங்கிலத்தில் சாட்டை என்றே அழைக்கிறார்களாம். தந்தையார் படத்தைப் பார்த்தார். "இதைப் போய் விலை கொடுத்தா வாங்குவாங்க?" என்றார்.

மறுநாள் காலை நாம் அலுவலகம் செல்லுமுன் அவரைக் காணவில்லை. பதறிக் கீழே இறங்கினால், தெருமுனையில் இரும்புக் கதவுகள் செய்யும் மராட்டியரின் பட்டறையிலிருந்து வந்துகொண்டிருந்தார். கையில் ஒன்றரை அடி நீளமான இரும்புப் பட்டை. அதில் இரண்டு துளைகள். துளையின் அளவை எப்படி உணர்த்தினார் என்று கேட்டோம். "செயினைக் காட்டினேன், போட்டுக் கொடுத்தார். காசும் வாங்கலே" என்றார். இரண்டு ஆண்டுகளில் அவர் தனியாகக் கீழே இறங்கிச் சென்றது அன்றுதான்.

மகனின் பழைய தேய்ந்த செயினை அந்தப் பட்டையில் கோத்துச் சாட்டை தயாரானது. ஆயினும் அவர் உடனே தொடங்கவில்லை. பற்சக்கரங்கள் மேலே இருக்குமாறு சக்கரத்தைப் படுக்கவைத்து, வளையத்தின் ஓரத்தில் துரு எண்ணெயைச் சொட்டு சொட்டாக விட்டார். "எண்ணெய் உள்ளே போறதுக்கு நேரம் கொடுக்கணும்" என்றார். இரவு கழிந்தது, மறுபகலும் கழிந்தது. மூன்று முறை எண்ணெய் விட்டார். இடையில் நாம் பொறுமை இழந்து, உளியை வைத்து ஒரு போடு போட்டால் என்ன என்று கேட்டோம். "உடைச்சு எடுக்கிறதுக்குப் பேர் கழட்டுறது இல்லப்பா" என்றார்.

திருக்குறளில் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என நான்கு அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. தேர்வுக்காக அந்த வரிசையை நாம் நெட்டுருப் போட்டதுண்டு. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட தந்தையார், துருப்பிடித்த ஒரு வளையத்தின் முன்னால் அந்த நான்கையும் அதே வரிசையில் செய்துகொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை மாலை வேலை தொடங்கியது. முதலில், கருவி நழுவாதிருக்க, அச்சின் நடுவே செல்லும் நீண்ட கம்பியை அதன் வழியாகவும் செலுத்தி, நட்டை இறுக்கி, கருவியை வளையத்தோடு அழுத்திக் கட்டினார். நம் புறங்கைத் தோல் உரிந்ததற்குக் காரணம் இதைச் செய்யாததே. பிறகு சக்கரத்தைப் பற்கள் நம்மை நோக்கி இருக்குமாறு நிறுத்தினார். சாட்டையின் செயினைப் பெரிய பற்சக்கரத்தில் சுற்றிக் கைப்பிடி வலப்பக்கம் வருமாறு வைத்தார். ஸ்பானரை இடப்பக்கம் நீட்டிப் பூட்டினார். இரண்டையும் கீழ்நோக்கி அழுத்தினால் போதும்: வலக்கைப் பிடி பற்சக்கரத்தைச் சுழலாமல் நிறுத்தும்; இடக்கைப் பிடி வளையத்தைத் திருகும்.

வளையத்தின் முகத்தில் ஏதோ எழுதியிருப்பதை மகன் படித்தான். 40 நியூட்டன் மீட்டர் விசையில் இறுக்கவும் என்பது அதன் பொருள். "அப்படின்னா எவ்வளவு?" என்று தாத்தா கேட்டார். பேரன் கணக்குப் போட்டு, தட்டுத் தடுமாறித் தமிழில் கூறினான்: ஒரு மீட்டர் நீளப் பிடியின் நுனியில் நாலு கிலோ எடை தொங்குவதற்குச் சமம்; நம் ஸ்பானர் இருபது சென்டிமீட்டர்தான், ஆகையால் இருபது கிலோ. துரு பிடித்தால் அதற்கும் மேலே. தாத்தா தலையசைத்தார். "அதுக்குத்தான் பைப்பு" என்றார். குடியிருப்பில் குழாய் மாற்றியபோது மீந்த இரும்புக் குழாய்த் துண்டை ஸ்பானரின் பிடியில் செருகினார். படித்தவன் கணக்கும் படியாதவர் பழக்கமும் ஒரே இடத்தில் வந்து நின்றன.

மகன் சாட்டையைப் பிடித்தான். நாம் குழாயைப் பிடித்தோம். தந்தையாரின் கைகள் இப்போது நடுங்குகின்றன. ஆகவே அவர் பிடிக்கவில்லை. நம் இருவர் தோளிலும் கை வைத்து, "இழுக்காதே, குத்தாதே. உடம்பு பாரத்தை மெள்ள இறக்கு" என்றார். இறக்கினோம். அசையவில்லை. மேலும் இறக்கினோம். படீர் என்று ஓர் ஓசை. ஏதோ முறிந்துவிட்டது என்றே நாம் அஞ்சினோம். தந்தையார் மட்டும் சிரித்தார். "வந்துடுச்சு" என்றார்.

நட்டைச் சற்றுத் தளர்த்தி, வளையத்தைக் கையாலேயே திருகி எடுத்தான் மகன். சிறிய பற்சக்கரம் உதிர்ந்தது. ஆனால் ஒன்றாகப் பிணைக்கப்பட்ட பெரியவை வரவில்லை. ஆண்டுக்கணக்கில் மிதித்த மிதியில், எஃகுப் பற்சக்கரங்கள் அலுமினிய உடலின் வரிகளைக் கடித்து உள்ளே இறங்கியிருந்தன. தந்தையார் ஒரு மரத்துண்டைக் கம்பிகளின் இடையே விட்டு, பெரிய பற்சக்கரத்தின் பின்புறத்தில் ஓரிடத்தில் ஒரு தட்டு, அதற்கு எதிர்ப்புறம் ஒரு தட்டு என்று மாறி மாறித் தட்டச் சொன்னார். ஒரே இடத்தில் தட்டினால் சாய்ந்து மேலும் சிக்கிக்கொள்ளுமாம். கால் மணி நேரத்தில் தொகுதி மகனின் மடியில் வந்து விழுந்தது.

அதன்பின் நடந்ததே நம் வாழ்வில் நாம் கண்ட நல்ல மாலைப்பொழுது. புதுக் கம்பியைக் கோத்து, சக்கரத்தை நிறுத்திச் சுழற்றி, பெண்டு எடுக்கக் கற்றுக்கொடுத்தார் தாத்தா. பிரேக் கட்டையில் எங்கே உரசுகிறது என்று பார். அந்த இடத்தில் எந்தப் பக்கத்துக் கம்பியைத் தளர்த்தி எதை முறுக்க வேண்டும் என்று யோசி. நிப்பிளைக் கால் திருகுக்கு மேல் திருப்பாதே. கம்பிகளை விரலால் சுண்டி ஒலியைக் கேட்கச் சொன்னார். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். "பெண்டு", "பெண்டு" என்று மகன் அந்தச் சொல்லைப் பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டான். கிரீஸ் அவனுடைய முழங்கை வரை ஏறியிருந்தது.

அப்போது அவனுடைய தோழன் ஒருவன் படியேறி வந்தான். குந்தியிருந்த கிழவரைப் பார்த்து, யார் இவர் என்று மராட்டியில் கேட்டான். நம் நெஞ்சு ஒரு கணம் நின்றது. மகன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "மாஜே ஆஜோபா" என்றான்.

"என்ன சொல்றான்?" என்று தந்தையார் நம்மைக் கேட்டார்.

"என் தாத்தா என்று சொல்கிறான் அப்பா" என்றோம்.

தந்தையார் நம் முகத்தைப் பார்த்தார். தேவையானதைவிடச் சற்று அதிக நேரம் பார்த்தது போல நமக்குத் தோன்றியது. பிறகு, "அந்த கிரீஸ் டப்பாவை எடு" என்றார்.

டப்பாவை எடுத்துக் கொடுத்தோம். அவர் வேண்டாம் என்று நம் கையைக் காட்டினார். நாம்தாம் தடவ வேண்டுமாம். கடிபட்ட வரிகளை மகன் அரத்தால் இழைத்துச் சமன் செய்திருந்தான்; அவற்றின் மீதும் வளையத்தின் மரையிலும் மெல்லிய பூச்சாகத் தடவினோம். இதற்கு முன் மாட்டியவர்கள் இதைச் செய்யாததே இத்தனை பாட்டுக்கும் காரணம் என்றார். "அடுத்த தடவை கழட்டப்போறவன் யாரோ. அவனுக்காக இப்பவே தடவி வைக்கணும்" என்றார். நாற்பது வயதைக் கடந்த நமக்கு அன்றுதான் விரலில் முதன்முதலாக கிரீஸ் ஏறியது. இரவு சாப்பிட உட்கார்ந்தபோதும் நகக்கண்ணில் கறுப்பு ரேகை இருந்தது. தேய்த்துப் போக்க மனம் வரவில்லை.

அன்பர்களே, ஊரை விட்டு வந்து நெடுநாள் ஒரே இடத்தில் இருந்துவிட்ட நம்மில் பலர் வீட்டில் இத்தகைய வளையம் ஒன்று இருக்கக்கூடும். உளியும் சுத்தியலும் அதற்கு உதவா. எண்ணெய் விட்டுக் காத்திருக்க வேண்டும். பிடித்துக்கொள்ள ஒருவர், திருப்ப ஒருவர், எந்தப் பக்கம் திருப்புவது என்று சொல்ல ஒருவர் என மூன்று பேர் வேண்டும்.

பொங்கலுக்கு முன் டிக்கெட் எடுத்த நாளிலேயே தந்தையார் புறப்பட்டார். பயணத்தை மாற்றச் சொல்லி நாமும் கேட்கவில்லை. அவருக்குத் தம் ஊரின் நினைவு அவ்வளவு இருந்தது. ரயில் நிலையத்தில் பேரன் பையைத் தூக்கிக்கொண்டு முன்னே நடந்தான். வண்டி கிளம்பச் சிறிது நேரம் இருந்தபோது தந்தையார் ஜன்னல் வழியே நம்மை அருகே அழைத்தார்.

"மே மாசக் கடைசிக்குத் திரும்பி வர ஒரு டிக்கெட் போட்டுடுப்பா" என்றார். "மழைக்கு முந்தி அவன் வண்டியை ஒரு ஓவராயில் பண்ணணும். டூல் பெட்டியும் கடையிலே சும்மாத்தான் கிடக்கு."